விரலுக்கு உண்டு, கட்டுக்கு இல்லை

3.3.2014, திங்கள்
விழுப்புரத்தில் ஒரு ரைஸ் மில்லில் நெல் தூக்குகிற எலிவேட்டருக்கு பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தபோது அம்சவள்ளி அக்காவின் போன். திண்டிவனத்தில் அம்மாவோடு நெற்களத்தில் வேலை செய்பவர். “நெல்லுல ரத்தம் கெடந்திச்சி சந்தோசு. எவனோ கோழி அறுத்துட்டான்னு திட்டிக்கினு இருந்தேன். பார்த்தா உங்கம்மா காலு.”

வெயிலில் காயும் சிமெண்ட் களத்தில் புழுங்கல் நெல்லைக் காலாலேயே கிளறிவிடுகிற வேலை. வலது பெருவிரலுக்குக் கீழே தோல் வெந்து பிய்ந்திருக்கிறது. அம்மாவுக்கு வலிக்கவே இல்லையாம். அதைப் பெருமையாக வேறு சொல்கிறது.

5.3.2014
தனியார் ஆஸ்பத்திரி. அரசுக் காப்பீட்டு அட்டை செல்லும் என்று போர்டு இருந்ததால் போனோம். டாக்டர் நைலான் நரம்பு மாதிரி ஒன்றால் பாதத்தில் பத்து இடம் குத்தினார். கண்ணை மூடிக்கொண்டிருந்த அம்மா, “எப்ப ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டது.

ஏழு வருஷமாகச் சர்க்கரை. மாதாமாதம் ரத்தம் பார்த்து மாத்திரை தருகிறார்கள். காலை யாரும் பார்த்ததில்லை. நான் மட்டும் பார்த்தேனா? ஊரான் மிஷினுக்கெல்லாம் பேரிங் சூடு தொட்டுப் பார்க்கிறேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றணும், காலை ஊன்றக் கூடாது, மெத்தென்ற ரப்பர் செருப்பு போடணும். செய்தால் ஆறிவிடும் என்றார்.

7.3.2014
காப்பீட்டுக் கவுண்டரில் ராஜாமணி என்று ஒருவர்.
“டிரெஸ்ஸிங்குக்கு வராது தம்பி. செருப்புக்கும் வராது.”
“எதுக்குதாங்க வரும்?”
“பெட்ல சேர்த்து ஆபரேஷன் பண்ணா வரும். வெரல் எடுக்குறது, பாதம் எடுக்குறது, முட்டிக்குக் கீழ எடுக்குறது. எல்லாம் லிஸ்ட்ல இருக்குது பாருங்க.”
“கிரீஸ் போடக் காசு இல்ல, மிஷினைத் தூக்கிப் போடத்தான் காசா?”
“எங்கிட்ட ஏன் கோச்சிக்கிறீங்க? லிஸ்ட் நானா எழுதினேன்?”

அவர் எழுதவில்லைதான். எழுதினவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான்? இலவசமாகக் கட்டுப்போடும் இடத்துக்கு ரெண்டு பஸ் மாறணும். ஊன்றக் கூடாத காலோடு.

12.3.2014
கட்டு மாற்ற நான்காவது லீவு. முதலாளி கேட்டார்: “காலு உங்கம்மாவுக்கா, உனக்கா?”

16.3.2014, ஞாயிறு
அம்மா ஜெபத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போயிருக்கிறது. போய்ப் பார்த்தால், நான் வாங்கிக் கொடுத்த ரப்பர் செருப்பு கவரோடு சுவரோரம். கட்டின துணி மண் நிறத்தில்.

“செருப்பு எதுக்கும்மா வாங்கினேன்?”
“திங்குற நெல்லுல செருப்பு போட்டுக்கினு நடப்பாங்களாடா?”
அம்சவள்ளி அக்கா சிரித்தார். “நகைய வச்சிக்கிற மாதிரி வச்சிருக்குது. ராத்திரி தலமாட்டுல வச்சிக்கும் போல.”

எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். காலோடு சேர்த்து மூளையும் மரத்துப்போச்சா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அம்மா நெல்லைக் கிளறிக்கொண்டே, “வேலைக்குப் போவாம உங்கிட்ட கை நீட்டணுமா?” என்றது.

24.3.2014
நாற்றம். விரல் ஓரம் கறுத்திருக்கிறது. தினமும் சுத்தம் பண்ணினால் இன்னும் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது, மூன்று வாரம் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். கடிதம் கேட்டேன், எழுதிக் கொடுத்தார். புதன்கிழமை விழுப்புரத்தில் காப்பீட்டுக் கம்பெனி ஆபீசுக்கே போய்க் கேட்கப் போகிறேன்.

26.3.2014, புதன்
காலையில் அம்மாவைக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு விழுப்புரம் போனேன். ரெண்டு மணி நேரம் காக்க வைத்தார்கள். அதிகாரி கடிதத்தை முழுக்கப் படித்தார். “நீங்க சொல்றது நியாயந்தான். ஆனா சிஸ்டத்துல இதுக்குக் கோட் இல்லையே.” கோடு போட்டதே நீங்கதானே என்றேன். மனுவாக எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதினேன். சீல் வாங்கினேன். ஜெயித்துவிட்ட மாதிரி பஸ் ஏறினேன்.

ஐந்து மணிக்கு வந்தால் அம்மா வார்டில் படுத்திருக்கிறது. கால் முழுக்க வெள்ளைத் துணி.

எடுத்துவிட்டார்கள். அம்மாதான் எடுக்கச் சொல்லியிருக்கிறது.

“ஒரு வெரலுதானேடா. நீ இன்னும் எத்தினி நாளு லீவு போட்டுக்கினு பேஜாரு பட்டுக்கினு கெடப்ப? எடுத்துட்டா கார்டுலயே ஆயிடும்ல.”

டாக்டரிடம் கத்தினேன். “நான் சொல்லிப் பார்த்தேங்க. கையெழுத்து அவங்கதான் போடணும், போட்டுட்டாங்க” என்றார். ராஜாமணி என் முகத்தைப் பார்க்கவில்லை. “பத்தரைக்கு அனுப்பினேன் தம்பி. பதினொண்ணே காலுக்கு அப்ரூவல் வந்திடுச்சி.”

முக்கால் மணி நேரம். நான் அப்போது விழுப்புரம் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

2.4.2014
வீட்டுக்கு வந்தாச்சு.

9.5.2014
மனுவுக்குப் பதில் வந்தது. தங்கள் தாயாருக்கு உரிய சிகிச்சை ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டதால் கோரிக்கை முடிக்கப்படுகிறது. கீழே நன்றி வேறு.

22.6.2014, ஞாயிறு
இப்போது அம்மாவுக்குக் களத்தில் சாக்கு வாய் தைக்கிற வேலை. உட்கார்ந்து செய்வது, செருப்பு போடலாம். காலையில் கிளம்பும் முன் அதுவே ரெண்டு பாதத்தையும் என் பக்கம் நீட்டுகிறது. டார்ச் அடித்துப் பார்ப்பேன்.

இன்று இடது குதிகாலில் கொப்புளம். எட்டணா அளவு. காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, “இதுக்கும் கார்டுல வருமான்னு அந்த ராஜாமணி தம்பியக் கேளேன்” என்றது.

கட்டுப் போட்டுவிட்டேன், இப்போது எனக்கே வருகிறது. ஆறுகிறவரை பத்து மணிக்குத்தான் வேலைக்கு வருவேன் என்று முதலாளிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். திட்டினார். திட்டட்டும்.

அம்மா குளிக்கப் போனதும் அலமாரியிலிருந்து காப்பீட்டு அட்டையை எடுத்து என் டூல் பாக்ஸில், அடித்தட்டில், ஸ்பேனர்களுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன்.