யார் பக்கம் ஈரம்

மார்ச் 4
விடிகாலையில் மறுபடியும் பெட்ஷீட் ஈரம். குட்டியின் டயப்பரைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அப்படியென்றால் நான்தான். பிரசவம் ஆன புதிதில் குளித்த மாதிரி வேர்த்தது. உடம்பில் தேங்கின நீர் போகுது, பயப்படாதீங்க என்றார் டாக்டரம்மா. ஆனால் ஐந்து மாதம் கழித்துமா?

மார்ச் 6
போனில் தேடினேன். தேடியிருக்கவே கூடாது. தைராய்டு, சில மாத்திரைகள், தொற்று, புற்றுநோய்... எனக்கு ஏதாவது ஆனால் குட்டிக்கு யார்?
"படிச்சவளுக்குத்தான்டி இத்தனை வியாதியும் வரும்" என்று இவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. வேலைக்குப் போகிற வீடுகளில் சுவருக்கு அடிக்கிற பெயிண்ட் நெடியாம். மூணு வாரமாவா?

மார்ச் 9
குட்டி நடுவில், நாங்கள் இரண்டு ஓரத்தில். பால் கொடுக்க எழுந்தவள் என் நைட்டியைத் தொட்டேன். காய்ந்திருந்தது. என் பக்கம் முழுக்கக் காய்ந்திருந்தது. குட்டியின் முதுகு ஈரம். அதற்கு அந்தப் பக்கம் இவர் பனியனைப் பிழியலாம். ஃபேன் ஓடுது, ஜன்னல் திறந்திருக்கு!
இத்தனை நாள் என்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன். முட்டாள்.

மார்ச் 10
"பெல்ட்ல எப்போ ஆணியால ஓட்டை போட்டீங்க?"
"பழைய பேன்ட்டு. லூசாயிடுச்சு."
"பேன்ட் எப்படிங்க பெருசாகும்?"
 இப்போ பெயிண்ட் அடிக்கிற வீட்டுக்கு ரெண்டாவது கோட்டிங் முடியட்டும், அடுத்த வாரம் டாக்டர்கிட்ட போகலாம் என்றார்.
"இவ முதுகு உங்க வேர்வையில நனையுது. இவ மூஞ்சிக்கு நேரா இருமுறீங்க."
சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

மார்ச் 14
டிபி.
வெறும் புழுக்கத்தில் வேர்த்தால் பரவாயில்லை, இருமல், காய்ச்சல், மெலிவு சேர்ந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். ஆறு மாதம் மாத்திரை, நடுவில் நிறுத்தக் கூடாது. குட்டிக்கும் எனக்கும் இப்போதைக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு வராமலிருக்கத் தினமும் மருந்து.
இவர் படுக்கை ஹாலுக்குப் போனது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "தூங்கிட்டாளா?"
தூங்கிட்டா என்றேன். நான்தான் தூங்கவில்லை.

மார்ச் 22
இன்றும் மாத்திரை போட்டார்.

ஏப்ரல் 27
டாக்டர் சரியென்ற பிறகு நேற்றுதான் உள்ளே வந்து படுத்தார். காலையில் நடுவில் பெட்ஷீட் ஈரம். இவர் பனியனைத் தொட்டேன். காய்ந்திருந்தது.
குட்டியின் டயப்பர்தான். வழிந்து ஊற்றியிருந்தாள்.