ஜாடிக்குள் முதல் கையெழுத்து

தோஹா,
8.3.2024

அன்புள்ள அன்பரசிக்கு,

நான் நலம். போனில் பேசினால் அம்மாவின் மாத்திரை, கரண்டு பில் என்றே முடிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

வெள்ளிக்கிழமைகளில் அறையில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன் அல்லவா? இப்போது இல்லை. கூட வேலை செய்யும் ரேமுண்டோ, ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டைக் காட்டினார். முகம் தெரியாத யாரோ ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் எண்களைப் போனில் போட்டுவிடுவார்கள். நாம் தேடிப் போய் எடுத்து, உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டு, இருந்தபடியே வைத்துவிட வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் பதிலுக்கு ஒன்று வைக்க வேண்டும். கடலோரக் கல்லுக்கடியில் முதல் டப்பா கையில் தட்டுப்பட்டபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். இந்த ஊரில் எனக்கென்று யாரோ எதையோ வைத்திருந்தது போல இருந்தது.

நம்மூரிலும் ஒன்று வையேன்.

மேனேஜர் இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே வேலை பார்க்கக் கையெழுத்துக் கேட்கிறார். செப்டம்பருக்குள் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
கொளஞ்சிநாதன்


விருத்தாசலம்,
14.4.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். நாற்பது வயதில் கண்ணாமூச்சி ஆட உங்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது. சந்தோஷம்.

ஒளித்து வைக்க நம் பீங்கான் கம்பெனியில் நானே ஒரு ஜாடி செய்தேன். விளிம்பில் பளபளப்புக்குப் பூசும் கிளேஸ் பட்டால் சூளையில் மூடி ஒட்டிக்கொள்ளும். பதினோரு வருஷமாக கிளேஸ் முக்குகிற எனக்குத் தெரியாதா? உங்கள் கடிதத்தையே நினைத்துக்கொண்டு விளிம்பிலும் பூசிவிட்டேன். மேஸ்திரி நல்லமுத்து அண்ணன், "இன்னாம்மா, ஜாடிக்குப் பூட்டு போட்டுட்டியா?" என்று சிரித்தார்.

இரண்டாவது ஜாடி நன்றாக வந்தது. கம்பெனிக்குப் பின்னால், உடைந்த ஃபியூஸ் கட்டைகள் கொட்டிக் கிடக்கிற மேட்டில் வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு நோட்டும், நம் மகள் வெண்பா வண்ணம் பூசிய குட்டிப் பீங்கான் மயிலும். எண்களைக் கீழே எழுதியிருக்கிறேன்.

மேனேஜர் கேட்ட கையெழுத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. போன தடவையும் இதுதான் கடைசி என்றீர்கள்.

உங்கள்
அன்பரசி


தோஹா,
12.7.2024

அன்புள்ள அன்பரசிக்கு,

ஜாடியை அந்த விளையாட்டில் உன் பெயரில் பதிந்துவிட்டேன். ஒளித்தவர் கண்டெடுத்ததாகக் கையெழுத்துப் போட முடியாது. அதனால்தான் என் பெயரில் பதியவில்லை.

ஆனால் புதுச்சேரியிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து இரண்டு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லையாம். பெண்ணாடத்து வாத்தியார் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. உடைசலோடு லாரியில் அள்ளிவிட்டார்களோ? எண்களைச் சரிபார்.

அம்மாவின் வைத்தியம், வெண்பாவின் படிப்பு என்று யோசித்தால் இன்னும் இரண்டு வருஷம் இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. கோபப்படாதே.

கொளஞ்சிநாதன்


விருத்தாசலம்,
4.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஜாடி பத்திரமாக இருக்கிறது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்க்கிறேன். கடைசி இரண்டு எண்களை வேண்டுமென்றேதான் மாற்றிக் கொடுத்தேன். அந்தப் புதுச்சேரிக்காரர் வெயிலில் அலைந்தது பாவமாக இருந்தது. தண்ணீர் கொடுத்தேன், இடத்தைச் சொல்லவில்லை.

நோட்டில் முதல் வரியில் வேறு யார் பெயரும் வரக் கூடாது மாமா. வெண்பா நடந்தது, பல் விழுந்தது, ஸ்கூலுக்குப் போனது எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தீர்கள். இதற்காவது முதல் ஆளாக வாருங்கள். இருப்பதை வைத்துச் சமாளிப்போம். எனக்கு நீங்கள் வேண்டும்.

சரியான எண்களை எழுத மாட்டேன். நேரில் கேளுங்கள்.

அன்பரசி


ஜாடி நோட்டு, முதல் பக்கம்
29.9.2024

அன்பரசிக்கு,

நேரில் கேட்டும் நீ சொல்லவில்லை. "தேடுங்க, நான் எங்கயும் போவல" என்று இடுப்பில் கை வைத்து நின்றாய். முக்கால் மணி நேரம் ஆயிற்று. விரலில் இரண்டு கீறல். வெண்பா கண்ணாலேயே காட்டிக்கொடுத்தாள், அவளைத் திட்டாதே.

இனி சரியான எண்களைப் போட்டுவிடு. புதுச்சேரிக்காரர் இன்னொரு தடவை வரட்டும்.

மயிலை எடுத்துக்கொள்கிறேன். பதிலுக்கு இந்தப் பேனாவை வைக்கிறேன். கையெழுத்துப் போடச் சொல்லி மேனேஜர் கொடுத்தது. அங்கே இதன் மூடியை நான் திறக்கவே இல்லை.

கண்டெடுத்தவர்:
கொளஞ்சிநாதன்