உன்னை உள்ளே விடாத பக்கம்

இன்று காலை மின்கட்டணம் கட்டலாமென்று என் பழைய கைபேசியில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். "உங்கள் உலாவியில் இந்தத் தளம் இயங்காது" என்று ஒரே ஒரு வரி வந்து நின்றது. எரிச்சல் வரவில்லை, உன் ஞாபகம்தான் வந்தது. அதைச் சொல்லிக்கொள்ள வீட்டில் ஆளில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நீ பாறசாலையில் ஒரு டுடோரியலில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தாய். நான் திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் இணையப் பக்கங்கள் செய்துகொண்டிருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற கர்வம் வேறு. உன்னிடம் இருந்தது யாரோ வேண்டாமென்று கழித்த கம்ப்யூட்டர். படம் வராது, மவுஸ் கிடையாது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் காட்டும் உலாவி. எவ்வளவு கேலி செய்திருப்பேன்! நீ அசைந்து கொடுத்ததில்லை. "படம் பாக்கணும்னா நெய்யாற்றின்கரையில டாக்கீஸ் உண்டு. எனக்கு வாசிச்சா போரும்" என்பாய். ஒருநாள் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினாய். பக்கம் மறைந்து, அதைச் செய்தவன் எழுதிய நிரல் அப்படியே திரையில் வந்தது. "பாத்தியா மக்கா, சட்டைய கழத்தினா எலும்பு தெரியும்" என்று சிரித்தாய்.

அந்த வருடம்தான் எங்கள் கம்பெனிக்கு அந்த வேலை வந்தது. கம்ப்யூட்டரில் கணக்குப் பாடங்கள் எழுத ஆள் எடுக்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பப் பக்கம் செய்ய வேண்டும். இணையம் வழியாக வருகிற விண்ணப்பத்தை மட்டும்தான் பார்ப்பார்களாம். உன்னை மனதில் வைத்தே அந்த வேலையை உண்டாக்கினார்களோ என்று இருந்தது. நானே பஸ் ஏறி வந்து உன்னிடம் சொன்னேன். அன்று உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை.

ஆனால் அந்தப் பக்கத்தைச் செய்தபோது உன்னை மறந்துவிட்டேன். சில உலாவிகளில் கட்டங்கள் கோணலாக வந்தன. சரிசெய்யச் சோம்பல். பெரும்பாலோரிடம் இருந்த ஓர் உலாவியைத் தவிர வேறெதற்கும் படிவம் தெரியாதபடி ஒரு சோதனை வரியை எழுதி வைத்தேன். மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கடைசி நாள் மதியம் மூன்று மணிக்கு அலுவலகத்துக்கு போன் செய்தாய்.

"எலே, என்னை உள்ள கேற விடல்ல. அது சின்ன காரியமாக்கும், அதுல ஒரு..."

மேனேஜர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் உன்னை முடிக்க விடவில்லை. "உன் பெட்டி பழசு. நெய்யாற்றின்கரையில ப்ரௌசிங் சென்டருக்குப் போ, விண்ணப்பிக்க அஞ்சு மணி வரைக்கும் நேரம் உண்டு" என்று வைத்துவிட்டேன். அந்த நிரல் அப்போது என் திரையில்தான் திறந்திருந்தது. பத்து நிமிட வேலை. செய்தால் என் தப்பு என்று தெரிந்துவிடும். செய்யவில்லை.

நீ பஸ் பிடித்துப் போனாய். அங்கே கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது மணி ஐந்தரை.

அடுத்த ஞாயிறு ஸ்டேஷன் பக்கத்துச் சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் உன்னிடம் தமிழிலும் அடுத்த மேசையில் மலையாளத்திலும் பேசிக்கொண்டே சாயா ஆற்றினார். நீ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நம்ம ஊருல எந்தப் பாஷையில கேட்டாலும் அந்தப் பாஷையில சாயா தருவான். நீ ஏது பாஷைன்னு கேட்டுட்டு எவனும் கதவ அடைக்க மாட்டான். அந்தப் பக்கத்த எழுதுனது ஆருலே?"

"ஆபீஸ்ல வேற ஒருத்தன்" என்றேன்.

"செரி" என்றாய். சாயாவைக் குடித்து முடித்தாய். அதன் பிறகு ஒரு தடவைகூட அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நீ கடைசிவரை அதே டுடோரியலில்தான் இருந்தாய். என் வருகையும் ஓணம், கல்யாணம் என்று குறைந்துபோனது. உனக்கு வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் கண்ணைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

போன மாதம் உன் காரியத்துக்கு வந்தபோது உன் மனைவி ஒரு தாளைக் கொண்டுவந்து தந்தாள். "அண்ணா, பழைய கணக்குப் புஸ்தகத்துக்கு உள்ள இருந்துது. இதுல ஒங்களுக்க பேரு உண்டு."

இரண்டு ஓரத்திலும் துளை போட்ட பழைய பிரின்டர் தாள். அந்த விண்ணப்பப் பக்கத்தின் நிரல், நீ அன்றைக்குப் போலவே பொத்தானைத் தட்டி எடுத்தது. முதல் வரியிலேயே, எழுதியவர் என்று என் முழுப்பெயர். நான் எழுதுகிற எல்லாவற்றின் தலையிலும் பெயரைப் போட்டுக்கொள்ளும் கர்வம் எனக்கு அப்போது இருந்தது. சோதனை வரியை நீ பென்சிலால் அடித்திருந்தாய். படிவத்தை அதற்கு வெளியே கொண்டுவர அம்புக்குறி போட்டிருந்தாய். கீழே உன் கோழிக்கிறுக்கலில் ஒரு குறிப்பு: "மூணு மணிக்கு போன். அவனுக்க வேலைக்கு கேடு வராம சொல்லணும்."

நான் இப்போதும் பக்கங்கள் செய்கிறேன். எதை முடித்தாலும் முதலில் கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் காட்டும் ஓர் உலாவியில் திறந்து பார்க்கிறேன். அப்படி வந்து பார்க்க இப்போது எனக்குத் தெரிந்து ஒருவருமில்லை. ஆனாலும் திறந்து பார்க்கிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான். என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அதை எழுதினது நானாக்கும், மக்கா.