பெட்ரோலில் ஊறிய ரப்பர்

நேற்று கொச்சியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பழைய கார்களைத் தேடி வாங்கிப் புதுசாக்கி ஓட்டுவது அவருக்கு ஆசை. சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த ஸ்டியரிங் சக்கரத்தை என் மடியில் வைத்தார். கறுத்த கட்டி ரப்பர், எட்டு இடத்தில் வெடித்திருந்தது. வெடிப்பின் ஓரத்தில் உப்புத்தாளை வைத்து நாலு இழுப்பு இழுத்தேன். கந்தக வாசனை வந்தது. அந்த ரப்பரை உரசினால் எத்தனை வருஷமானாலும் அந்த வாசனை வரும். அவர் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தார், எனக்குக் காதில் ஏறவில்லை. உன் பதினாறாம் நாள் காரியம் கழிந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அந்த அம்பூரி ரப்பர்த் தோட்டக்காரரின் இங்கிலீஷ் கார் நினைவிருக்கிறதா? பாறசாலையில் நாம் பட்டறை போட்டு இரண்டு வருஷம் இருக்கும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஸ்டியரிங் கழற்றி மாட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தோம். அவருடைய சக்கரம் விண்டு விண்டு போயிருந்தது, புதுசு கப்பலில்தான் வரவேண்டும். கழற்றலாம் என்றால் நம்மிடம் இருந்த ஒரு ஸ்பானரும் அந்த நட்டில் உட்காரவில்லை. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் நுழைந்து, மூன்றாம் நாள் ஒன்றைக் கண்டுபிடித்தோம். சக்கரத்தை இழுத்தெடுக்கும் கவ்வையை லாரி ஸ்பிரிங் பட்டையை வளைத்து நீயே செய்தாய். அந்தச் சமயம் ஊரெல்லாம் ஒரே பேச்சு, தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை ராஜ்ஜியத்தோடு சேர்க்க வேண்டும் என்று. என் அண்ணன் அதில் முழுக்க இறங்கியிருந்தான். உன்னைக் கேட்டால், "எந்த ராஜ்ஜியம் ஆனா என்ன மக்கா, நட்டுக்கு ஸ்பானர் சேரணும், அதாக்கும் காரியம்" என்பாய். அண்ணனுக்கு உன்மேல் கோபம்கூட உண்டு.

வெடிப்பை எதை வைத்து அடைப்பது என்பதில்தான் நம் புத்தி வேலை செய்தது. அவருடைய தோட்டத்து ரப்பர் ஷீட்டையே வாங்கி, பெட்ரோலில் ஊறப்போட்டு, மாவுபோலப் பிசைந்து அடைத்தோம். வழவழவென்று அழகாகத்தான் இருந்தது. அவர் மத்தியான வெயிலில் நெய்யாற்றின்கரை வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பிவந்து, பலாப்பழப் பிசின்போல ரப்பர் ஒட்டியிருந்த இரண்டு உள்ளங்கையையும் நம்மிடம் விரித்துக் காட்டினார். "இது ஸ்டியரிங்ஙா, சக்கைப் பழமாடே?" என்று கேட்டார். நீ சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார், நான்தான் முழித்துக்கொண்டு நின்றேன். மண்ணெண்ணெய் போட்டு அவர் கையைத் துடைத்துவிட்டதும் நான்தான்.

ரப்பர் இறுகிக் கல்லாக வேண்டும் என்றால் கந்தகத்தூள் சேர்த்துப் பிசைந்து, துணி நாடாவால் இறுக்கிக் கட்டி, ஆவியில் வேகவைக்க வேண்டும் என்று நெய்யாற்றின்கரை டயர் பட்டறைக்காரர் சொன்னார். ஆவிக்குத் தன் பாய்லரையே தருகிறேன் என்றார். கந்தகத்துக்கு அமரவிளைப் பக்கம் ஒரு வெடிக்காரர் இருந்தார், கோயில் திருவிழாக்களுக்கு வெடி கட்டுகிறவர். போராட்டக்காரர்களைத் தேடிப் போலீஸ் ரோட்டில் பஸ்ஸை நிறுத்திப் பையைக் குடைந்துகொண்டிருந்த நாட்கள் அவை. போகவேண்டியவன் நான். பிசைகிற வேலை என்னுடையது, எவ்வளவு தூள் வேண்டும் என்பதும் எனக்குத்தான் தெரியும். ஆனால் நான் உன்னிடம், "அண்ணன் பேரு எல்லாவனுக்கும் தெரியும். என்னைக் கண்டா விடமாட்டான். நீ போயிட்டு வா" என்றேன். "அதுக்கென்ன, இப்பம் வாறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாய். ஒரு கேள்வி கேட்கவில்லை நீ.

நீ வரவில்லை. பஸ் கண்டக்டர்தான் வந்தார். "உன் கூட்டுக்காரனைப் போலீஸ் இறக்கிக் கொண்டுபோச்சு. பையில கந்தகமாம், குண்டு செய்யதுக்குன்னு சொல்லுதானுவ" என்றார்.

அதற்கப்புறம் நான் செய்ததை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. பட்டறைக்குள் போனேன். பெட்ரோல் தகரத்தில் ரப்பர் ஊறிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் மரச்சீனிக் கிழங்கு நட்டிருந்த இடத்துக்குப் போய்க் குழி தோண்டிக் கொட்டினேன். மண்ணை மூடி, மேலே மரச்சீனிக் கம்புகளைப் போட்டேன். சக்கரத்தையும் அங்கேயே செருகினேன். காலித் தகரத்தைப் பழைய மூலையில் வைத்து, கை கழுவிவிட்டு வந்து உட்காரவும் ஒரு போலீஸ்காரர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"ஸ்டியரிங் அடைக்கான் கந்தகம் வாங்கினதுன்னு அவன் பறையுதான். இங்க பெட்ரோல்ல ரப்பர் ஊறுது, போய் நோக்குங்கன்னு பறையுதான். எவிடே?"

"அப்படி ஒண்ணும் இல்லை ஏமானே. சக்கரம் கழத்தி மாட்டுவோம், அவ்வளவாக்கும். கந்தகம் எதுக்குன்னு எனக்குத் தெரியாது."

அவர் எட்டிப் பார்த்தார், காலித் தகரத்தை முகர்ந்து பார்த்தார், பட்டறையில் பெட்ரோல் வாடை இருக்கத்தானே செய்யும், போய்விட்டார். அண்ணன் வீட்டில் பதுங்கியிருந்தான், அவனைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்தச் சாக்கு நிற்காது. அவன் அதற்கு ஒரு வாரம் முன்பே மார்த்தாண்டத்துக்குப் போய்விட்டிருந்தான். எனக்குப் பயம். வேறொன்றும் இல்லை. நீ உண்மையைச் சொன்னாய், நான் அதைப் பொய்யாக்கினேன். அந்தப் பொய்க்கு உன்னை அடித்தார்கள்.

நாலாம் நாள் தோட்டக்காரருக்குச் செய்தி எட்டி, அவரே ஸ்டேஷனுக்கு நேரில் போய், "என் காருக்கு வாங்கின சாமானாக்கும்" என்று சொல்லி உன்னை மீட்டுக்கொண்டு வந்தார். பிடித்துவைத்த கந்தகப் பொட்டலத்தையும் விடாமல் கேட்டு வாங்கியிருந்தார். உன் வலது கையில் இரண்டு விரல் வீங்கிக் கறுத்திருந்தன. பட்டறைக்குள் வந்து, காலித் தகரம் இருந்த மூலையைப் பார்த்தாய்.

"மாவு எங்க மக்கா?"

"கொட்டிட்டேன்."

 பொட்டலத்தை என் கையில் கொடுத்தாய். "சரி, புதுசா ஊறப்போடு. எனக்கு விரல் மடங்காது, நாடா நீயே கட்டணும்" என்றாய். அன்றைக்கு நீ என்னை ஓங்கி ஓர் அறை அறைந்திருக்கலாம். நான் காத்துக்கொண்டுதான் நின்றேன்.

மரச்சீனிக்குள்ளிருந்து எடுத்த அந்தச் சக்கரம் நன்றாக வந்தது. பாய்லரிலிருந்து எடுத்து நாடாவை உரித்து இழைத்தபோது எது பழசு எது புதுசு என்று நமக்கே தெரியவில்லை. தோட்டக்காரர் சொல்லித்தான் மிஷன் பங்களாவிலிருந்தும் கோட்டுகாலிலிருந்தும் பழைய கார்கள் நம்மைத் தேடி வந்தன. எல்லை பிரிந்தது. களியக்காவிளை தமிழ்ப் பக்கம் போயிற்று, நாம் மலையாளப் பக்கம் நின்றோம். அண்ணன் மார்த்தாண்டத்திலேயே தங்கிவிட்டான். உன் விரல்கள் இரண்டும் கடைசிவரை மடங்கவில்லை.

ஒன்று மட்டும் மாறிப்போயிற்று. அதற்கப்புறம் நீ என்னை எங்கும் தனியாக அனுப்பவில்லை, நீயும் எனக்காகத் தனியாகப் போகவில்லை. ஓர் ஆணி வாங்க வேண்டுமென்றாலும் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். "ரெண்டு பேரும் போனா ஒரு நட்டு வாங்க ரெண்டு டிக்கெட்" என்று உன் வீட்டுக்காரி கேலி செய்வாள். ஊரில் நம் சிநேகத்தை மெச்சினார்கள். ஜன்னலோரம் நீ, பக்கத்தில் நான். இவன் என்னை நம்பாமல் கூட்டிக்கொண்டு போகிறானா, இல்லை எனக்குத் துணையாக வருகிறானா என்று ஒவ்வொரு பயணத்திலும் நினைத்தேன். உன் தோளில் தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரங்களில் நான் உணர்ந்த தனிமையை, நீ போன பிறகும் நான் உணர்ந்ததில்லை.

உன்னைக் கிடத்தியிருந்த அன்று நான் பந்தலின் ஓரத்தில் நின்றேன். நான் கிறிஸ்தவச் சபைக்காரன், உங்கள் சடங்கில் எனக்கு என்ன வேலை? உன் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"மாமா, நீங்கதான் முதல்ல அரிசி போடணும். அப்பா எப்பவும் சொல்லுவாங்க, அண்ணைக்கு இவன் ஸ்டேஷனுக்கு ஓடிவந்து எனக்காகப் பேசலேன்னா நான் உயிரோட வந்திருக்கமாட்டேன்னு."

சுற்றி நின்றவர்கள் எனக்கு வழிவிட்டார்கள். ஒரு பெரியவர் என்னைக் கும்பிட்டார். உன் வாயில் அரிசி போட்டேன். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்காவது எதிரே போலீஸ்காரர் நின்றார். இப்போது நின்றது உன் மகள்.

ஏன் அப்படிச் சொல்லிவைத்தாய்? நான் உன் வீட்டில் தலை நிமிர்ந்து சாப்பிட வேண்டும் என்றா? ஒருவேளை நீயும் அப்படி நடந்ததாகவே நம்ப ஆசைப்பட்டாயா? கேட்க ஐம்பது வருஷம் இருந்தது, எத்தனையோ பஸ் பயணம் இருந்தது. கேட்கவில்லை.

கொச்சிக்காரரின் சக்கரத்தை ஓரமாக வைத்துவிட்டு, உன் மகளிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நேற்று சட்டையை மாட்டினேன். வாசல்வரை போனேன். நான் உண்மையைச் சொன்னால் அவளுக்கு நீ பொய் சொன்னவன் ஆகிவிடுவாய். ஏற்கெனவே ஒருமுறை உன்னை நான் பொய்யனாக்கியிருக்கிறேன். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்த மௌனம் எனக்குச் சௌகரியமாகவும் இருக்கிறது, அதுவும் எனக்குத் தெரியும்.