அவரவர் கேன்

6.7.2020
பாலசமுத்திரம் முழுக்க ஒலிபெருக்கி ஆட்டோ சுற்றியது. ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாதாம். நம் தோட்டத்துக் கிணற்றில் என்னிடம் நீச்சல் பழகும் பிள்ளைகள் பதினொன்று.

"நிறுத்திரு தமயந்தி. போலீசு வந்தா நான் தோப்புக்குள்ள ஓடிருவேன். நீதான் பதில் சொல்லணும்" என்றார் இவர்.

மாலையில் பழனியம்மாள் வந்தாள். மலையிலிருந்து மகள் துர்காவோடு இறங்கி, மாந்தோப்பில் வேலை பார்ப்பவள். "மழைக்கு முன்ன மேல போயிருவோம்க்கா. ஓடை தாண்டித்தான் வீடு. போன வருசம் என் கொழுந்தன் மகனை அது இழுத்துருச்சு. இவளுக்காச்சும் நீச்சல் சொல்லிக் குடுத்துருங்க."

நிறுத்தப்போவதில்லை.

7.7.2020
ஒரு நேரத்துக்கு ஒரு பிள்ளைதான். மிதப்பதற்கு முதுகில் கட்டும் காலி எண்ணெய்க் கேனை அவரவரே கொண்டுவர வேண்டும். நோட்டில் கட்டம் போட்டேன்: பெயர், நேரம், காய்ச்சல், இருமல். பிள்ளையின் இடுப்பில் பழைய சேலையைக் கட்டி, மறுமுனையைப் பிடித்தபடி நான் படியில்.

12.7.2020
ஞாயிறு. முழு ஊரடங்கு. மலைமேல் முருகன் கோயிலும் சாத்தியிருக்கிறது. மாடியில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

23.7.2020
துர்கா இன்னும் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். வயிற்றுக்கடியில் கை கொடுத்தால் இரண்டே நாளில் வரும். தொடக் கூடாதே!

"அத்தை, வாயை மூடிக்கிட்டுக் கத்துறீங்க. ஒண்ணும் வெளங்கல!"

மாஸ்க்கை இறக்கிவிட்டுக் கத்தினேன். முருகா, பொறுத்துக்கொள்.

12.8.2020
ஆடிக் கிருத்திகை. விரதம். ஆனாலும் கிணற்றுக்குப் போனேன்.

துர்கா அக்கரைக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். ஏறியதும் கேனை அவிழ்த்தேன் – கனத்தது. மூடி இல்லை. வாய்வரை தண்ணீர்.

இத்தனை கட்டம் போட்டேனே, மூடியைப் பார்த்தேனா? சேலை கையில் இருந்தது, சரி. நழுவியிருந்தா? பெரிய வாத்தியாரம்மா நான்! யாரு எனக்குச் சொல்லிக் குடுத்தா? நானாக் கத்துக்கிட்டதுதானே எல்லாம்.

பழனியம்மாளிடம் மறைக்காமல் சொன்னேன்.

"மூடி தொலைஞ்சு போச்சுக்கா. பிளாஸ்டிக் பையை வச்சு அடைச்சிருந்தேன்" என்றவள், நான் கேனைக் கவிழ்ப்பதையே பார்த்தாள். "அப்ப இம்புட்டு நேரம் இவளாவா நீந்துனா?"

பயத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

13.8.2020
நோட்டில் மூடிக்கும் ஒரு கட்டம். துர்காவுக்கு இனி கேன் கிடையாது. பாவாடையோடே பழகட்டும். ஓடையில் விழுகிறவள் உடை மாற்றிக்கொண்டா விழுவாள்?

30.9.2020
தோப்பு வேலை முடிந்து அவர்கள் மேலே போய்விட்டார்கள். நேற்று துர்கா சேலையும் இல்லாமல் பத்துச் சுற்று வந்தாள். போதுமா? தெரியவில்லை.

18.11.2020
நான்கு நாளாக விடாத மழை. இன்று வெள்ளனே பழனியம்மாள் தேன் கொண்டுவந்தாள். துர்காவும் கூட. ஓடையில் தண்ணீர் எப்படி என்று கேட்டேன்.

"முந்தாநேத்து வெரசா ஏறிருச்சு அத்தை. நடுவுல கால் எட்டல" என்றாள், கொய்யாவைக் கடித்துக்கொண்டே.

பழனியம்மாள் தேன் பாட்டிலைத் திண்ணையில் வைத்தாள். பிறகு, "நோட்டுல என் பேரையும் எழுதிக்கங்கக்கா" என்றாள்.

எழுதினேன். வயது கேட்டேன். முப்பது இருக்கும் என்றாள்.