தெற்கு ஓடையை மூடிய வருடம்

பிப்ரவரி 3, செவ்வாய்

பன்னிரண்டு இடங்களிலும் எண்ணி முடித்தாயிற்று. சேற்றில் இன்னொரு செருப்பு போனது, இது மூன்றாவது. என் செருப்பையெல்லாம் சேர்த்தால் கழிமுகத்தையே தூர்த்துவிடலாம் என்று படகோட்டி அண்ணன் சிரித்தார்.

சாப்பிடும்போது அத்தான் மறுபடி கேட்டார், நீ செய்வது என்ன வேலை என்று. அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே, "நண்டு எண்ற வேலை" என்றாள். பொய்யில்லை. குஞ்சு நண்டும் குஞ்சு மீனும் எங்கே வளர்கின்றன என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் சில மாதம் மீன்பிடிப்பை நிறுத்தி, அழிந்துபோன கடற்புல்லை நட வேண்டும். எந்த இடம் என்பதை மீன்துறை, வலைக்காரர்கள், கூண்டுக்காரர்கள், எங்கள் அலுவலகம் நான்கு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். ஒருவர் கையெழுத்து குறைந்தாலும் செல்லாது. அத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, நண்டு எண்ற வேலைதான்" என்றார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

வரைபடம் முடிந்தது. வடக்குக் கரையில் ஒரு வலை வீச்சுக்கு நாற்பத்தொரு குஞ்சு. தெற்கு ஓடையில் ஆறு. மூட வேண்டியது வடக்குக் கரை என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். அலுவலகத் தலைவர் மேடம் கையெழுத்துப் போட்டு மீன்துறைக்கு அனுப்பிவிட்டார். நான் இங்கே வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. கீழே என் பெயர் இருக்கிறது. மூன்று தடவை திறந்து பார்த்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

வலைக்காரர் சங்கத்து மாடியில் கூட்டம். மின்விசிறிக் காற்றில் வரைபடம் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் தண்ணீர் டம்ளர் வைத்தோம். வடக்குக் கரையில் வலை போடுவது நாற்பது குடும்பம். அவர்களுடைய தலைவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பேசவில்லை. பேசியது கூண்டக்கா.

நண்டுக் கூண்டு வைத்துப் பிடிப்பவர்களுக்காக வருபவர் அவர். முப்பத்தைந்து வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் கூண்டக்காதான். அவருடைய அறுபது கூண்டும் தெற்கு ஓடையில் கிடக்கின்றன. வடக்குக் கரையை மூடினால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

"இந்தக் கணக்கு தப்பு" என்றார். என்னைப் பார்த்து, "எப்ப எண்ணினே?"

"காலைலக்கா."

"அது மணி. நான் கேக்கறது தண்ணிய. ஏறும்போதா, வத்தும்போதா?"

குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது.

பிப்ரவரி 18, புதன்

ஆறு வருஷம் இதையே படிச்சிருக்கேன். பன்னெண்டு இடத்துலயும் முழங்கால் சேத்துல நின்னு எண்ணினது நான். அவங்க ஒரு வார்த்தை சொன்னதும் எல்லாரும் தலையாட்டறாங்க! வயிற்றெரிச்சலாக இருக்கிறது. வேறெதுவும் எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். நூற்று நாற்பத்து நான்கு வரி. ஒன்று விடாமல் எல்லாமே தண்ணீர் வற்றும்போது எண்ணியவை. ஏன்? வற்றினால்தான் இறங்கி நடக்க முடியும், அவ்வளவுதான் காரணம். என் வசதிக்காக எண்ணியிருக்கிறேன்.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். மேடம் குறிப்பேட்டைக் கேட்டதேயில்லை. இந்த மாதக் கடைசியில் என் தகுதிகாண் காலம் முடிகிறது.

சொல்லணுமா?

பிப்ரவரி 23, திங்கள்

யாரிடமும் சொல்லாமல் படகோட்டி அண்ணனைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் ஏறும் நேரத்தில் போனேன். நெஞ்சளவு தண்ணீர் என்பதால் படகில் இருந்தே வலையை இழுத்தோம். வடக்குக் கரையில் நான்கு. தெற்கு ஓடையில் முப்பத்தெட்டு. நம்பாமல் மறுபடி இழுத்தேன்: ஐம்பத்திரண்டு. அண்ணன் ஒன்றும் கேட்காமல் மூன்றாவது தடவையும் இழுத்துக் கொடுத்தார். நாற்பத்தேழு.

வற்றும்போது வடக்குக் கரைக் குட்டைகளில் நான் எண்ணியது வளர வந்த குஞ்சுகளை அல்ல, திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்டவற்றை. ஓடையில் அதே நேரத்தில் குஞ்செல்லாம் சேற்றுக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. என் வலை அவற்றின் தலைக்கு மேலே போயிருக்கிறது.

நாற்பது குடும்பத்தை வீட்டில் உட்கார வைத்திருப்பேன். சும்மா.

பிப்ரவரி 24, செவ்வாய்

சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் போனேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். என் முன்னாலேயே மீன்துறைக்குப் போன் செய்தார். "தப்பு எங்களுது. வரைபடத்தத் திருப்பி வாங்கிக்கறோம். மூணு வாரம் கொடுங்க." அந்தப் பக்கத்தில் யாரோ கத்துவது எனக்கே கேட்டது. மேடம் குரல் உயரவில்லை. 'அவளுது' என்று சொல்லவில்லை, 'எங்களுது' என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

பிறகு என்னிடம், "கூட்டத்துல நீயே சொல்லிடு. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்" என்றார்.

மார்ச் 12, வியாழன்

ஏற்றத்திலும் வற்றத்திலும், பன்னிரண்டு இடம், பதினைந்து நாள். முதுகு போய்விட்டது. சந்தேகமே இல்லை, தெற்கு ஓடைதான்.

அப்படியென்றால் மூட வேண்டியது கூண்டக்காவின் ஓடை.

மார்ச் 14, சனி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும்.

எழுந்து நின்று சொன்னேன். எண்ணியது தப்பு, ஏன் தப்பு, இப்போது கிடைத்தது என்ன. மேடம் மேசைக்குக் கீழே என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார், குழந்தையைப் பிடிப்பது மாதிரி. புது வரைபடத்தை விரித்தேன். வலைக்காரர் தலைவர் பெருமூச்சு விட்டார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. எல்லோருடைய கண்ணும் கூண்டக்காவிடம் போயிற்று.

அவர் ஓடையின் மேல் விரலை வைத்தார். ஓடை வாயிலிருந்து கடைசி வளைவு வரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

"கணக்கு சரிதான். எத்தன மாசம்?"

ஆறு மாதம் என்றார் மீன்துறை அதிகாரி.

"ஆறு மாசத்துல புல்லு வேர் பிடிக்காது. ஒம்பது மாசம் மூடுங்க. மூடறதுன்னா ஒழுங்கா மூடணும்."

அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். வலைக்காரர் தலைவர் தொண்டையைச் செருமினார். அவரும் கூண்டக்காவும் ஏழு வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை, கூண்டுக் கயிற்றில் வலை கிழிந்த பழைய சண்டை. அவர் கூண்டக்காவைப் பார்க்காமல் வரைபடத்திடம் பேசினார்: "வடக்குக் கரையில பாதி எங்களுக்குப் போதும். மீதில கூண்டு போட்டுக்கட்டும்."

"கயிறு இருக்கற எடத்துல மிதவை கட்டிடறேன்" என்றார் கூண்டக்கா, அவரும் வரைபடத்திடமே.

நாலு கையெழுத்து. இதற்காக மேடம் ஒன்றரை வருடமாக முயன்றுகொண்டிருந்தாராம்.

மார்ச் 16, திங்கள்

படகுத்துறையில் கூண்டக்காவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். ஓடையில்தான் குஞ்சு என்று முன்பே தெரியுமா?

"கூண்டத் தூக்கறப்பல்லாம் குஞ்சு ஒட்டிக்கிட்டு வருது. தெரியாம இருக்குமா?"

அப்புறம் ஏன் கணக்கு தப்பு என்று சொன்னீர்கள்?

கயிற்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பக்கம் மூடி என்ன ஆவப்போவுது? குஞ்சு சாவும். அஞ்சு வருஷத்துல என் கூண்டும் காலி. அதோட, பொய்க் கணக்குல நான் பொழச்சேன்னு வலைக்காரங்க நாளைக்குக் கண்டுபிடிச்சா, அவங்க முன்னாடி எப்படி நடக்கறது?"

என்னைப் படித்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 1, புதன்

ஓடை வாயில் சிவப்புத் துணி கட்டிய கழிகளை நட்டோம். கூண்டக்கா அறுபது கூண்டையும் தானே தூக்கினார். உதவிக்குப் போனேன், வேண்டாம் என்றார். டீக்கடைக்குக் கூப்பிட்டேன்.

"கையெழுத்துப் போட்டேன். அதுக்காக உன்கூட டீ குடிக்கணும்னு இல்ல."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் இழந்ததைத் தியாகம் கியாகம் என்று பெயர் வைத்து நான் அழகாக்கிவிடக் கூடாது. எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 9, செவ்வாய்

வடக்குக் கரையில் கூண்டக்காவுக்கு முன்பு கிடைத்ததில் பாதி நண்டுதான் கிடைக்கிறதாம். கேட்டதிலிருந்து மனசு சரியில்லை.

ஜூலை 22, புதன்

ஓடையில் கடற்புல் நடவு. இருபது பேர் எதிர்பார்த்தோம், ஒன்பது பேர் வந்தார்கள். பத்தாவதாகக் கூண்டக்கா. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். நாங்கள் நேர் வரிசையில் நட்டுக்கொண்டிருந்தோம். அவர் வளைவின் உள்பக்கத்தில், நீரோட்டம் குறைந்த இடமாகப் பார்த்து நட்டார்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

நேர் வரிசையில் நட்டதில் பாதிக்கு மேல் அடித்துக்கொண்டு போய்விட்டது. வளைவில் நட்டது நிற்கிறது. மேடம் சிரித்தார்: "அடுத்த தடவை அவங்க நடட்டும், நாம வேடிக்கை பாக்கலாம்."

ஆறு மாதம் தள்ளிப்போய், என்னை நிரந்தரமாக்கிய கடிதமும் இன்றுதான் வந்தது. அத்தான் அதை இரண்டு தடவை சத்தம் போட்டுப் படித்தார்.

அக்டோபர் 19, திங்கள்

அக்காவுக்குப் பெண் குழந்தை. நாலு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டேன். இந்த மாதக் கணக்கு தவறிவிட்டது, மேடம் என்ன சொல்வாரோ என்ற கவலையோடுதான் இன்று அலுவலகம் போனேன்.

என் மேசைமேல் நாட்காட்டித் தாள் ஒன்று, நாலாக மடித்து. பின்பக்கம் முழுக்கக் கட்டங்கள். கூண்டக்காவும் வலைக்காரர் தலைவரும் ஒரே படகில் போய் எண்ணியிருக்கிறார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை என்று மேடம் சொன்னார். பன்னிரண்டு இடம், ஏற்றத்துக்கு ஒரு வரிசை, வற்றத்துக்கு ஒரு வரிசை. ஓடையில் எண்கள் கொஞ்சம் ஏறியிருக்கின்றன. நிறைய இல்லை, கொஞ்சம்.

இருபத்து நான்கு கட்டத்தில் ஒன்றில் மட்டும் எண் இல்லை. ஒன்பதாவது இடம், வற்றம். அங்கே பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தது: 'சேறு கலங்கிடுச்சு. சரியா எண்ணல.'

எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். அந்தக் கட்டத்தை மட்டும் காலியாகவே விட்டேன்.