ஆற்றுக்குத் திரும்புமுன் கொஞ்சம் மிளகாய்

அக்கா,

இன்று காலை பல்லரோ சந்தையில் சால்மன் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செம்மஞ்சள் தசையைக் கண்டதும் மூக்குச் சிவந்த உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. சந்தையென்றும் பாராமல் சிரித்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருவழியாக உங்களுக்கு இத்தாலியில் இருக்க அனுமதிக்கும் பெர்மெஸ்ஸோ கிடைத்தது. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து நீர்கொழும்பில் இருந்த உங்கள் அம்மாவைப் பார்க்கப் பயணச்சீட்டும் எடுத்தாயிற்று. ஆனால் நீங்களோ என் குசினியில் வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தீர்கள்.

"லிபெர்த்தாத் தெருவிலை நான் வேலை செய்யிற சிஞ்ஞோரா வீட்டுச் சாப்பாட்டையே திண்டு நாக்குச் செத்துப்போச்சடி. அம்மா வைக்கிற கறி உறைச்சு நான் கண்ணீர் விட்டால், பிள்ளை அந்நியமாப் போச்செண்டு அவ உடைஞ்சு போவா."

அப்போது நான் எழுத்துக்கூட்டி இத்தாலியன் வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா கழித்துவிட்ட மீன் புத்தகத்தில் சால்மன் பக்கத்துக்கு வந்திருந்தேன். அதையே உங்களுக்குச் சொன்னேன். கடலில் இருக்கும்வரை அது உப்புநீரைக் குடித்து, மிச்ச உப்பைச் செவுளால் வெளியே தள்ளும். ஆற்றுக்குத் திரும்பும் காலம் நெருங்கினால், நல்ல தண்ணீரைத் தொடுமுன்னே செவுள் மாறத் தொடங்கிவிடும். அதுவரை வெளியே தள்ளிய உப்பை இனி உள்ளே பிடித்துவைக்கப் பழகும். ஆண்டவர் மீனைக்கூட ஆயத்தமில்லாமல் அனுப்புவதில்லை, அக்கா என்றேன்.

"மீனுக்கு ஏலுமெண்டால் எனக்கு ஏலாதோ? எடு செத்தல் மிளகாயை!"

அதன்பிறகு ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து என் சம்பலோடு மல்லுக்கட்டினீர்கள். என் வீட்டுக் கணக்கில் அந்நாட்களில் மிளகாய்தான் முதலிடம்.

"உறைக்குதோ அக்கா?"

"சீச்சீ, தடிமன். அதுதான் மூக்கு ஒழுகுது."

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு கண் கலங்காமல் தட்டை வழித்து முடித்தீர்கள். நான் கைதட்டினேன்.

திரும்பி வந்த அன்று பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எடியே, அம்மா ஒரு மிளகாய்கூடப் போடேல்லை! வெளிநாட்டுப் பிள்ளைக்கு உறைக்குமெண்டு, நான் வரமுன்னமே தானும் உறைப்பில்லாமல் சாப்பிட்டுப் பழகியிருக்கிறா!"

சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதீர்கள். மிளகாய் இல்லாமலே.

இன்று மாலை மிலானோவிலிருந்து என் மகள் வருகிறாள். உங்கள் ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லித்தான் அடுப்பை மூட்டினேன். சால்மன் துண்டுகள் புளியில் கொதிக்கின்றன. மிளகாய்த்தூள் பேணி திறந்தபடி பக்கத்தில் இருக்கிறது. கூட்டுவதோ குறைப்பதோ நானாக முடிவெடுக்கப் போவதில்லை. அவள் வந்து சட்டியை எட்டிப் பார்க்கட்டும். கேட்டுவிட்டுப் போடுகிறேன்.